ஓடுகிற எஞ்சினில் கை வைக்கலாமா?

ஏப்ரல் 15 பிறந்ததும் காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிப்போடப்படுகின்றன. மீன்கள் இனம் பெருக்கட்டும் என்று கிழக்குக் கடற்கரை முழுவதும் கடைப்பிடிக்கும் 61 நாள் தடைக்காலம் அது. ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குள் போகக் கூடாது. கிளிஞ்சல்மேடு, காசாக்குடிமேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி என்று கரையோர ஊர்களில் படகு வைத்திருப்பவர்களுக்கு வருமானம் நின்றுபோகும் மாதங்கள் அவை. செலவு அப்போதுதான் அதிகம். வலை சரிபார்க்க வேண்டும், படகின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். எஞ்சினையும் திறக்க வேண்டும்.

ஏப்ரல் 14 வரை நன்றாக ஓடிய எஞ்சின் அது. அதிலிருந்து பெல்ட், ரப்பர் ஹோஸ், ஃபில்டர், கடல்நீர் இழுக்கும் பம்பின் இம்பெல்லர் என்று இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் பாகங்களைக் கழற்றிப் புதிது போடுகிறார்கள். கையில் காசு குறைவாக இருக்கும் நேரத்தில் யாரும் இதை ஆசைப்பட்டுச் செய்வதில்லை. கரையிலிருந்து பல மணி நேரத் தொலைவில் எஞ்சின் நின்றால் நீரோட்டம் படகை எங்கே கொண்டுபோகும் என்று அவர்களுக்குத் தெரியும். 1974, 1976 ஒப்பந்தங்கள் வரைந்த இலங்கை எல்லைக்கோடு இந்தக் கரைக்காரர்களுக்கு வரைபடத்து விஷயம் அல்ல. அதைத் தாண்டி மிதந்த படகும், சிறைப்பட்ட ஆட்களும் எத்தனை குடும்பங்களை முடக்கியிருக்கின்றன என்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அதே ஊரில், துறைமுகத்திலிருந்து சிறிது தூரத்தில், கார் பட்டறையில் கேட்கும் பேச்சு நேர்மாறானது. "ஓடுற வண்டியில கை வைக்காதீங்கண்ணே." இதுவும் அனுபவத்தில் வந்த பேச்சுதான். நன்றாக ஓடிய வண்டியைப் பிரித்துப் பூட்டிய மறுநாள் புதிதாக ஒரு சத்தம் வந்த கதை ஒவ்வொரு மெக்கானிக்கிடமும் இருக்கிறது.

இரண்டு தரப்பும் அவரவர் இடத்தில் சரி. ஒரு பாகத்தை அது கெடும் முன்பே மாற்றலாமா என்ற கேள்விக்கு எஞ்சின் முழுவதற்கும் பொதுவான ஒரு பதில் கிடையாது. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகத்தான் பதில் உண்டு. அந்தப் பாகம் எப்படிச் சாகிறது, சாவதற்கு முன் ஏதாவது சொல்கிறதா, சாகும்போது எதையெல்லாம் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது என்று பார்த்தால் பதில் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும்.

எல்லாவற்றிலும் தெளிவான உதாரணமான டைமிங் பெல்ட்டிலிருந்து தொடங்குகிறேன்.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றவேண்டும். கேம்தான் வால்வுகளைத் திறந்து மூடுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் எஞ்சின் ஓடினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. வால்வு இறங்கி நிற்கும் இடத்துக்கே பிஸ்டனும் மேலேறி வருகிறது. ஆனால் வேறு கணத்தில். ஒன்று விலகிய பிறகுதான் மற்றது வரும். இந்தக் கணக்கு பிசகாமல் இரண்டு ஷாஃப்டையும் இணைத்து வைத்திருப்பது சில எஞ்சின்களில் இரும்புச் சங்கிலி, சிலவற்றில் பல் வைத்த ரப்பர் பெல்ட். ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் 1962-இல் கொண்டுவந்த 1004 என்ற கார்தான் பல்வைத்த ரப்பர் பெல்ட்டோடு விற்பனைக்கு வந்த முதல் கார். சங்கிலியை விடச் சத்தம் குறைவு, எடை குறைவு, விலை குறைவு, எண்ணெயும் ஊற்ற வேண்டாம். நம் சாலைகளில் மாருதி 800, சான்ட்ரோ, ரெனோ டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல் எல்லாம் பெல்ட் வண்டிகள். ஸ்விஃப்ட் டீசலில் வந்த 1.3 லிட்டர் எஞ்சினில் சங்கிலி.

ஒரு லட்சம் கிலோமீட்டரைச் சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் அது 2,500 மணி நேரம். நிமிடத்துக்குச் சராசரியாக 2,000 சுற்று என்று வைத்தால் கிராங்க் ஷாஃப்ட் 30 கோடி முறை சுற்றியிருக்கும். அத்தனை சுற்றுக்கும் பெல்ட்டின் பற்கள் மாறி மாறிப் பல்சக்கரத்தில் ஏறி இறங்கி வளைந்து நிமிர்ந்திருக்கின்றன. பெல்ட்டின் உள்ளே இழுவிசையைத் தாங்குவது கண்ணாடி இழைக் கயிறு; அதைச் சுற்றி வெப்பம் தாங்கும் செயற்கை ரப்பர்; பல்லின் மேல் துணி உறை. வளைவு கயிற்றின் இழைகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. எஞ்சின் வெப்பத்தில் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே புதுப் பிணைப்புகள் உருவாகி அது இறுகிக்கொண்டே போகிறது. இறுகிய ரப்பர் வளையும்போது பல்லின் அடியில் கீறல் விழுகிறது.

இதெல்லாம் மூடிக்குள் நடக்கிறது. வண்டி ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது. இழுவை குறையாது, புகை வராது, மைலேஜ் இறங்காது. ஒரு நாள் பல் உதிர்கிறது அல்லது பெல்ட் அறுகிறது. கேம் நின்றுவிடும், வேகத்தில் இருக்கும் கிராங்க் நிற்காது. திறந்தபடி நின்ற வால்வுகளின் மேல் பிஸ்டன் வந்து மோதும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் போதிய இடைவெளி விட்டுச் செய்த சில எஞ்சின்கள் இதில் தப்பும். சிலிண்டருக்குள் காற்றை மிக இறுக்கமாக அழுத்தவேண்டிய டீசல் எஞ்சினில் அந்த இடைவெளிக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. வால்வுகள் வளையும், கைடு உடையும், சில நேரம் பிஸ்டனே ஓட்டையாகும். ஹெட் இறக்கவேண்டும். பழைய வண்டி என்றால் அந்தச் செலவைக் கேட்டு வண்டியையே கைவிடுகிறவர்கள் உண்டு.

ஆக டைமிங் பெல்ட் வயதால் சாகிறது, சொல்லாமல் சாகிறது, எஞ்சினைக் கூட இழுத்துக்கொண்டு சாகிறது. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த பாகத்தை அது நன்றாக இருக்கும்போதே மாற்றிவிடவேண்டும். இதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை.

எப்போது மாற்றுவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. உண்மையான விலைகள் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் விளக்கத்துக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். திட்டமிட்டு மாற்ற 12,000 ரூபாய். அறுந்த பிறகு சரிசெய்ய 90,000 ரூபாய். ஒரே மாதிரியான 100 கார்களில் 50,000 கிலோமீட்டருக்குள் ஒன்றும் அறுவதில்லை, 80,000-க்குள் ஒன்று அறுகிறது, ஒரு லட்சத்துக்குள் ஐந்து, 1,40,000-க்குள் பாதி அறுந்துவிடுகிறது என்று வைப்போம்.

அறுகிற வரை ஓட்டுவது என்று இருந்தால் ஒவ்வொரு காருக்கும் சராசரியாக 1,40,000 கிலோமீட்டருக்கு 90,000 ரூபாய். அதாவது லட்சம் கிலோமீட்டருக்குச் சுமார் 64,000. பயந்துபோய் 50,000-க்கு ஒரு முறை மாற்றினால் லட்சம் கிலோமீட்டருக்கு 24,000. சரியாக ஒரு லட்சத்தில் மாற்றினால், 95 கார்களுக்குத் தலா 12,000, அறுந்த ஐந்துக்குத் தலா 90,000, சராசரி 15,900. 80,000-இல் மாற்றினால்? 99 கார்களுக்கு 12,000, ஒன்றுக்கு 90,000, சராசரி 12,780. அதை லட்சம் கிலோமீட்டருக்கு மாற்றிக் கணக்கிட்டால் 15,975.

கடைசி இரண்டு எண்களைக் கவனியுங்கள். 80,000-இல் மாற்றினாலும் ஒரு லட்சத்தில் மாற்றினாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். மிகக் குறைந்த செலவு என்பது கூர்மையான ஒரு புள்ளியாக இல்லாமல் அகலமான தாழ்வாக இருக்கிறது. ஆனால் 80,000-இல் மாற்றினால் நடுவழியில் நிற்கும் ஆபத்து லட்சம் கிலோமீட்டருக்கு நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரைத் தாண்டி இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாமே என்று நினைப்பவர் மிச்சப்படுத்துவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வாங்கிக்கொள்வது ஆபத்து மட்டும். காசுக் கணக்கில் வராத ஒன்றும் உண்டு. பெல்ட் அறுவது வீட்டு வாசலிலா, நள்ளிரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூருக்கோ புதுச்சேரிக்கோ போகும் வழியிலா என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

இந்தக் கணக்கு பலிப்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பாகம் வயது ஏற ஏறக் கெடும் வாய்ப்பும் ஏறவேண்டும். கேட்டால் இது எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் என்றுதான் தோன்றும். பொருந்தாது. இந்த அத்தியாயத்தில் நம்புவதற்குக் கடினமான விஷயம் இதுதான்.

வாலொடி வெய்புல் என்ற ஸ்வீடன் பொறியாளர் 1951-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பொருள்கள் எப்போது உடைகின்றன என்பது உட்படப் பலவகை அளவுகளின் பரவலை ஒரே சூத்திரத்தில் எழுத முடியும் என்று காட்ட அவர் ஏழு உதாரணங்கள் கொடுத்தார். எஃகின் வலிமை அதில் ஒன்று. இந்தியப் பருத்தி இழையின் வலிமையும் ஒன்று. அந்தச் சூத்திரத்தில் உள்ள ஓர் எண் பாகத்தின் குணத்தைச் சொல்லிவிடும். அது ஒன்றுக்கு மேல் இருந்தால் வயதோடு ஆபத்து ஏறுகிறது. மேலே நான் எடுத்துக்கொண்ட கற்பனைப் பெல்ட்டுக்கு அது ஏழுக்கு மேல் வரும். சரியாக ஒன்று என்றால் ஆபத்துக்கும் வயதுக்கும் சம்பந்தமே இல்லை. நேற்று மாட்டியதும் பத்து வருடம் ஓடியதும் நாளைக்குக் கெடும் வாய்ப்பு ஒன்றே. ஒன்றுக்குக் கீழே என்றால் புதிதுதான் அதிக ஆபத்து. ஆரம்ப நாள்களைத் தாண்டியது நம்பகமானது.

காரின் கம்ப்யூட்டர் பெட்டியும் பல சென்சார்களும் பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது வகை. மின்னல் மாதிரி வரும் ஒரு மின்னழுத்தப் பாய்ச்சல், உள்ளே ஈரம், தயாரிப்பில் விழுந்த ஒரு நுண்ணிய குறை ஆகியவையே அவற்றைக் கொல்கின்றன; இவற்றில் எதுவும் வண்டி ஓடிய தூரத்தைக் கேட்டு வருவதில்லை. நன்றாக வேலை செய்யும் கிராங்க் சென்சாரை "எதற்கும் மாற்றிவிடலாம்" என்று மாற்றினால், ஆரம்ப நாள்களைக் கடந்து நிரூபித்த ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னும் நிரூபிக்காத ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறோம். அது போலி உதிரிபாகமாக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

இதைப் பெரிய அளவில் கண்டறிந்தவர்கள் விமானக்காரர்கள். யுனைட்டெட் ஏர்லைன்ஸில் பணியாற்றிய ஸ்டான்லி நவ்லன், ஹோவர்ட் ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 1978-இல் எழுதிய அறிக்கை பராமரிப்புத் துறையையே திருப்பிப்போட்டது. விமானப் பாகங்கள் கெட்ட பதிவுகளை அவர்கள் வகை பிரித்தபோது, வயது வரம்பு வைத்து மாற்றினால் பயன் தரக்கூடியவை 11 சதவீதம்தான். மற்ற 89 சதவீதத்துக்கு அப்படிப்பட்ட வரம்பு வைப்பதில் அர்த்தம் இல்லை. 68 சதவீதப் பாகங்கள் தொடக்கத்தில் அதிகமாகக் கெட்டு, அதற்குப் பிறகு வயது பார்க்காமல் கெட்டன. பழைய டிசி-8 விமானத்தில் குறித்த காலத்தில் கழற்றிப் பிரித்துச் செப்பனிட வேண்டியவை என்று 339 பாகங்கள் பட்டியலில் இருந்தன. இந்தப் புதிய சிந்தனையில் உருவான டிசி-10-இல் அவை ஏழு. பாதுகாப்பு குறையவில்லை.

இந்தப் புள்ளிவிவரத்தை அப்படியே காருக்குத் தூக்கிவந்து "எதையுமே மாற்ற வேண்டாம்" என்று சொல்கிறவர்களை நான் பார்க்கிறேன். அது தவறான வாசிப்பு. பல பாகங்கள் கூடிய சிக்கலான கருவி பலவிதமாகக் கெடும். அத்தனை விதங்களும் கலக்கும்போது வயதின் சாயல் மங்கிவிடுகிறது. பெல்ட், ஸ்பார்க் பிளக், பிரேக் பேட், டயர் போன்ற எளிய பாகங்களுக்குச் சாவு ஒரே வழியில் வருகிறது: தேய்மானம். அவற்றுக்கு வயது தெளிவாகப் பேசும். நவ்லனும் ஹீப்பும் இந்த வேறுபாட்டைச் சொல்லித்தான் இருக்கிறார்கள்.

மெக்கானிக்கின் "கை வைக்காதீங்கண்ணே"வுக்கும் அறிவியல் ஆதாரம் உண்டு. அதைக் கொடுத்தவர் ஓர் உயிரியலாளர். சி.ஹெச். வாடிங்டன் கரு வளர்ச்சியை ஆராய்ந்தவர். எபிஜெனெடிக்ஸ் என்ற துறைக்குப் பெயர் வைத்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் அவரும் அவரோடு இருந்த அறிவியலாளர்களும் நீர்மூழ்கிகளைத் தேடும் லிபரேட்டர் விமானங்களின் பழுதுப் பதிவேட்டைப் படித்தார்கள். 50 மணி நேரம் பறந்தால் விமானத்தை நிறுத்திச் சோதிக்கவேண்டும் என்பது விதி. சோதனைக்குப் பிறகு பழுது குறைந்து, அடுத்த சோதனை நெருங்க நெருங்க ஏறவேண்டும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். பதிவேடு தலைகீழாக இருந்தது. சோதனை முடிந்த உடனேதான் பழுது அதிகம். பறக்கப் பறக்கக் குறைந்தது. நல்ல நிலையில் இருந்ததைக் கலைத்ததே காரணம் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். சோதனை இடைவெளியை நீட்டித்து, தேவையற்ற வேலைகளை நீக்கியதும் விமானங்கள் வானில் இருந்த நேரம் கூடியது. போர் இரகசியமாக இருந்த இந்த ஆய்வு 1973-இல்தான் புத்தகமாக வந்தது.

காரில் இது எப்படி நடக்கும் என்று பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. போல்ட் ஒன்று குறைவாக இறுகியிருக்கும். பழைய கேஸ்கெட்டின் ஒட்டு மிச்சம் சுரண்டப்படாமல் இருக்கும். கனெக்டர் 'க்ளிக்' என்று உட்காராமல் இருக்கும். டைமிங் பெல்ட் மாற்றும்போது குறி ஒரு பல் தள்ளிப்போகும். இப்போதைய டீசல் எஞ்சின்களின் எரிபொருள் அமைப்பு ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் இயங்குகிறது. அதன் குழாயை மண் பறக்கும் முற்றத்தில் திறந்துவைத்தால் கண்ணுக்குத் தெரியாத தூசியே இன்ஜெக்டரைக் கெடுக்கப் போதும். எந்தப் பாகத்தையும் முன்கூட்டி மாற்றும்போது நாம் ஒரு சிறு ஆபத்தை வாங்கித்தான் ஒரு பெரிய ஆபத்தை விற்கிறோம். டைமிங் பெல்ட்டில் அந்த வியாபாரம் லாபம். இன்ஜெக்டரில், அறிகுறி எதுவும் இல்லாதவரை, நஷ்டம்.

சங்கிலி வைத்த எஞ்சின்களுக்கும் இதே தர்க்கம். சங்கிலியும் வயதால்தான் தேய்கிறது. இணைப்பு ஊசிகள் தேய்ந்து அதன் நீளம் கூடுகிறது. ஆனால் அது சொல்லிவிட்டுத்தான் போகும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்திலிருந்து சில நொடிகள் கரகரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் தொடங்கியதற்கும் சங்கிலி பல் தாண்டுவதற்கும் இடையே கிடைக்கும் கால அவகாசம்தான் நம் பாதுகாப்பு. எஞ்சின் ஆயிலைக் காலத்தில் மாற்றி, சத்தத்தைக் கவனித்திருந்தால் சங்கிலியை முன்கூட்டியே கழற்றத் தேவையில்லை.

இந்த அவகாசத்தை அளந்து பயன்படுத்தும் கலையில் ரயில்வேக்காரர்கள் முன்னோடிகள். 1946-இல் அமெரிக்காவின் டென்வர் அண்டு ரியோ கிராண்டே ரயில்வே, டீசல் எஞ்சினின் பழைய ஆயிலை நிறமாலைக் கருவியில் சோதித்து அதில் எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கியது. செம்பும் ஈயமும் ஏறினால் பேரிங் தேய்கிறது. இரும்பும் குரோமியமும் ஏறினால் லைனரும் ரிங்கும். எஞ்சினைத் திறக்காமலே உள்ளே நடப்பது தெரிந்துவிடும். நம் ரயில்வேயின் டீசல் ஷெட்களிலும் இந்தச் சோதனை வழக்கமான வேலை. கார்க்காரருக்கு ஆய்வுக்கூடம் இல்லை. ஆனால் டிப்ஸ்டிக் இருக்கிறது, கூலன்ட் டப்பா இருக்கிறது, மூக்கும் காதும் இருக்கின்றன. வாட்டர் பம்பின் உடலில் ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். உள்ளே சீல் தேயத் தொடங்கியதும் அந்தத் துளை வழியாகக் கூலன்ட் கசிந்து, காய்ந்து, வெள்ளையாகவோ பச்சையாகவோ தடம் விடும். வடிவமைத்தவர் நமக்காக விட்டுவைத்த எச்சரிக்கை அது. பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

காரைக்காலில் ஒரு கார் எதனால் கிழடாகிறது என்பதை இந்த இடத்தில் சொல்லவேண்டும். கம்பெனி புத்தகம் எழுதியவர் இந்த ஊரை மனதில் வைத்து எழுதவில்லை.

முதலில் காற்று. உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து நீராகிவிடும். கடலோரத்தில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுகிறது. ரேடியேட்டரின் அலுமினிய மடிப்புகளிலும் மின் இணைப்புகளிலும் படிந்த உப்புத்தூள் இரவில் உப்புநீராகி அரித்து, பகலில் காய்ந்து, மறுபடி இரவில் அரிக்கிறது. இந்த ஊரில் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு முதலில் பார்க்கவேண்டியது எர்த் இணைப்பை.

அடுத்தது தண்ணீர். அரசலாறும் நாட்டாறும் கடலைத் தொடும் இந்தக் கடைமடையில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் கைக்கு அகப்பட்ட போர்வெல் தண்ணீரை ஊற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்தத் தண்ணீரில் உள்ள குளோரைடு அலுமினியத்தின் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தைத் துளைத்து ஹெட்டில் குழி பறிக்கும். சுண்ணாம்புச் சத்து சூட்டில் கரையாமல் படிந்து, வெப்பம் வெளியேறும் வழியை அடைக்கும். முன்கூட்டி மாற்றவேண்டியவற்றில் விலை குறைந்ததும் பலன் மிகுந்ததும் கூலன்ட்தான். அதன் பச்சையோ சிவப்போ வெறும் நிறம். அதில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள் காலப்போக்கில் தீர்ந்துவிடுகின்றன, நிறம் அப்படியே இருந்தாலும். காலக்கெடு பார்த்து, கேன் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ கலக்காமல், காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலன்ட்டை மாற்றுவது ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் மூன்றுக்கும் ஆயுள். தெர்மோஸ்டாட் மலிவான பாகம். மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் எஞ்சினையே சுட்டுவிடும். கூலன்ட் இறக்கும்போது அதையும் மாற்றிவிடுவது நியாயம்.

மூன்றாவது, ஓடாமல் நிற்பது. காரைக்காலில் பல குடும்பங்களுக்கு ஆள்கள் பிரான்ஸிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போது ஓட்டவென்று ஒரு கார் வீட்டில் நிற்கும். பத்து வருடமாகியும் மீட்டரில் 30,000 தாண்டியிருக்காது. "புது வண்டி மாதிரி" என்று அதை விற்பார்கள், வாங்குவார்கள். ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது. வெப்பமும் ஆக்சிஜனும் ஓசோனும் நின்ற வண்டியிலும் அதை இறுக்கிக்கொண்டே இருக்கின்றன. கம்பெனி புத்தகத்தில் கிலோமீட்டரோடு வருடக் கணக்கும் சேர்த்து, எது முதலில் வருகிறதோ அது என்று போட்டிருப்பது அதனால்தான். அப்படிப்பட்ட பெல்ட் வண்டியை வாங்கினால், முன்பு மாற்றியதற்குச் சீட்டு இல்லாதவரை, மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

திருநள்ளாறு ஒரு தனிப் பாடம். சனிக்கிழமைகளிலும், சுமார் இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை வரும் சனிப்பெயர்ச்சியிலும், நெடுந்தூரம் நன்றாக ஓடிவந்த கார்கள் கோயில் நெருங்கும் கடைசி மைலில் சூடேறி நிற்பது உண்டு. நெடுஞ்சாலை வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். ஊர்ந்து போகும்போது முழுப் பொறுப்பும் மின்விசிறியின் தலையில். அந்த விசிறி மோட்டார் எத்தனையோ நாள் முன்பே செத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. இப்படி மறைந்து கிடக்கும் பழுதுக்கு மாற்றுவதும் மருந்தில்லை, காத்திருப்பதும் மருந்தில்லை. அவ்வப்போது வேலை வாங்கிப் பார்ப்பதுதான். வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டால் பெரும்பாலான கார்களில் விசிறி சுற்றவேண்டும். ஒரு நிமிட வேலை. சூட்டைக் காட்டும் முள்ளையும் கண்மூடி நம்பக் கூடாது. கூலன்ட் முழுவதும் வெளியேறிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நின்று குறைவாகவே காட்டக்கூடும்.

இனித் தடைக்காலத்துப் படகுக்காரர்கள் செய்வதில் நாம் எடுத்துக்கொள்ளவேண்டிய ஒரு நுட்பம். எஞ்சின் திறந்திருக்கும்போது, தனியாக அதற்காகத் திறக்கத் தேவையில்லாத பாகங்களையும் அவர்கள் பார்த்துவிடுகிறார்கள். காரிலும் டைமிங் பெல்ட் மாற்றும் செலவில் பெரும்பங்கு கூலி. அந்தப் பெல்ட்டே வாட்டர் பம்பைச் சுழற்றும் எஞ்சின்களில், பழைய பம்பை விட்டுவைத்துப் பெல்ட்டை மட்டும் மாற்றினால், 20,000 கிலோமீட்டரில் பம்ப் கசிந்து அதே கூலியை மறுபடி கொடுக்கவேண்டிவரும். டென்ஷனரும் ஐட்லரும் அப்படியே. அவற்றின் பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் போய்விடும். பம்பைத் தனியாகக் கேட்டால் கசியும் வரை காத்திருங்கள் என்பேன். பெல்ட் கழன்று கிடக்கும் அன்று மாற்றிவிடுங்கள் என்பேன். பாகம் அதேதான், கணக்கு மாறிவிட்டது.

மாற்றிய பிறகு கழற்றிய பெல்ட்டைப் பட்டறையிலேயே விட்டுவராமல் வாங்கிப் பாருங்கள். கெடாமல் கழற்றிய பாகம் குப்பை அல்ல. இந்த வெயிலில், இந்தக் காற்றில், உங்கள் ஓட்டத்தில் அது எவ்வளவு தேய்ந்தது என்று சொல்லும் ஒரே சாட்சி அது. விமான நிறுவனங்கள் முதலில் சிறு இடைவெளியில் சில பாகங்களைக் கழற்றி, அவற்றின் நிலையை ஆராய்ந்து, நன்றாக இருந்தால் மட்டும் இடைவெளியைப் படிப்படியாக நீட்டின. பெல்ட்டை வெளிப்பக்கமாக மடித்து, பல்லின் அடியில் கீறல் இருக்கிறதா, துணி உறை தேய்ந்து ரப்பர் தெரிகிறதா, ஓரத்தில் நூல் பிரிகிறதா என்று பாருங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் அதன் முதுகிலேயே எழுதிவையுங்கள். கீறல் கண்டால் அடுத்ததை இன்னும் முன்னதாக மாற்றவேண்டும். ஓரம் மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் டென்ஷனர் சாய்ந்திருக்கிறது. பெல்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கேம் அல்லது கிராங்க் சீல் கசிகிறது. அந்தச் சீலை அன்றைக்கே, முன்மூடியைப் பூட்டுவதற்கு முன், மாற்றச் சொல்லுங்கள்.